அந்த இருபது நிமிஷம்

அத்தியாயம் 11

கடிதம் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. ஆறு நாளும் அது டி.வி.க்கு மேலே, அப்பாவின் மருந்துச் சீட்டுகளுக்கு அடியில் செருகியபடியே கிடந்தது. யாரும் எடுத்துப் படிக்கவில்லை. தேவையும் இல்லை. வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் அது வரிக்கு வரி மனப்பாடம்.

‘தங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவரைக் கொலை செய்த குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டவரின் கருணை மனு இக்குழுவின் பரிசீலனையில் உள்ளது. இது குறித்துத் தங்கள் கருத்தைத் தெரிவிக்க விரும்பினால், கீழ்க்கண்ட தேதியில் மாலை நான்கு மணிக்குள் நேரில் வரவும்.’

அந்தத் தேதி இன்று.

போன வாரம் உறையைப் பிரித்ததும் அப்பா மேஜையைத் தட்டி, “ஏழு வருஷமா இதுக்குத்தான் உக்காந்திருக்கேன்” என்று கத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். அம்மா எழுந்து போய், ஏற்கெனவே மடித்து வைத்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்ததும் நினைவிருக்கும். பெரியவள் என்ன நினைத்தாள் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அவளுக்கே சரியாகத் தெரியாது.

பெரியவளுக்கு நாற்பத்தொரு வயது. இந்த வீட்டின் மூத்த பிள்ளை. ஏழு வருஷமாக ஒரே பிள்ளை.

அவள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே அப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய உடம்பு. எங்கே கிளம்புவதாக இருந்தாலும் முதல் ட்ரிப் எடுக்கிற பரபரப்பு அதற்குள் புகுந்துவிடும்.

“மூணு மணிக்குப் போனா போதும்ப்பா. சட்டை கசங்கிடும்.”

“கசங்கட்டும். நான் என்ன போட்டோ பிடிக்கவா போறேன்?”

“சரி, மாத்திரை போட்டுக்கிட்டீங்களா?”

“அதெல்லாம் ஆச்சு. உங்கம்மாவைக் கேளு, அங்க வந்து என்ன சொல்லப் போறான்னு.”

அம்மா நான்கு அடி தள்ளி சமையலறை வாசலில்தான் நின்றிருந்தாள். கணவனும் மனைவியும் மகளை நடுவில் வைத்துப் பேசுவது இந்த வீட்டுக்குப் பழகிப்போன ஒன்று.

“அங்க வந்து சொல்றேன்னு சொல்லு” என்றாள் அம்மா.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? உயிரை எடுத்தான். உயிரைக் கொடுத்துட்டுப் போகட்டும். ஒரு வரி. அவ்வளவுதான்.”

“ஒரு வரிதானே? நீங்க எழுதுங்க. என் வரியை நான் எழுதிக்கறேன்.”

பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். அந்த வீட்டில் அன்றைக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தாலும் யாராவது அவளையும் கேட்டுவிடுவார்கள்.

ஏழு வருஷத்துக்கு முந்திய கதை சின்னது. இப்போது சேர்ந்துகொண்டவர்களுக்காகச் சொல்லிவிடலாம்.

தம்பி ஒரு லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். இருபத்தேழு வயது. அங்கே ஸ்டோர்கீப்பராக இருந்தவன், கழற்றிப் போட்ட பழைய பிரேக்குகளைத் தேய்த்து, பெயின்ட் அடித்து, புதுசு என்று கணக்கில் காட்டி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தான். தம்பிக்கு அது தெரிய வந்தது. மேனேஜரிடம் போய்ச் சொன்னான். ஸ்டோர்கீப்பருக்கு வேலை போனது. மூன்றாம் நாள் சாயங்காலம், ஷெட்டுக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடத்தில், அவன் ஒரு இரும்புக் கம்பியோடு காத்திருந்தான்.

வந்தவுடன் அடிக்கவில்லை. இரண்டு பேரும் இருபது நிமிஷம் நின்று பேசினார்கள். கேட்டில் இருந்த வாட்ச்மேன் கோர்ட்டில் அப்படித்தான் சாட்சி சொன்னார். “என்ன பேசினாங்க?” என்று வக்கீல் கேட்டார். “தூரம் சார். காதுல விழலை” என்றார் வாட்ச்மேன்.

திட்டம் போட்டுக் காத்திருந்து செய்த கொலை என்று தூக்குத் தண்டனை கிடைத்தது. மேல் கோர்ட்டுகளும் அதையே சொல்லிவிட்டன. இப்போது மிச்சம் இருந்தது கருணை மனு ஒன்றுதான்.

இவ்வளவும் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்று பெரியவளிடம் இருந்தது.

பிரேக் விஷயத்தைத் தம்பி முதலில் சொன்னது அவளிடம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மொட்டை மாடியில், துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது.

“மேனேஜர்கிட்ட சொன்னியா?” என்று கேட்டாள்.

“எப்படிச் சொல்றது? அவனுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு. வேலை போயிடும்.”

“லிஃப்ட்ல ஏறுறவங்களுக்கு மட்டும் பொண்டாட்டி புள்ளைங்க இல்லையா? நாளைக்கே போய்ச் சொல்லு. சொல்லாம என் மூஞ்சில முழிக்காதே.”

அவன் ஈரத் துண்டால் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனான். அடுத்த வாரமெல்லாம் அவளுக்கு வேலை அதிகம். அவனுக்கும் வெளியூர் வேலை. அதற்கப்புறம் அவள் அவன் முகத்தைப் பார்த்தது ஆஸ்பத்திரியில்தான்.

அந்த ஒரு வாக்கியத்தை அவள் ஏழு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

*

பெரியவள் வேலை பார்ப்பது பல் செட் செய்கிற லேபில். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, வாயின் வடிவம் எடுத்து, மெழுகில் ஈறு வைத்து, ஒவ்வொரு பல்லாக நிறுத்துவது அவள் வேலை. பதினெட்டு வருஷப் பழக்கம். முன்பல் இரண்டும் வைத்த விதத்தைப் பார்த்தே இது அவள் கை என்று டாக்டர்கள் சொல்லிவிடுவார்கள்.

தம்பி இருந்தபோது எப்போதாவது லேபுக்கு வருவான். வரிசையாகக் காயும் பல் செட்டுகளில் ஒன்றை எடுத்து, விரலை நுழைத்துத் திறந்து மூடி, “என்னங்க, சாப்பிட்டாச்சா?” என்று கீச்சுக் குரலில் பேச வைப்பான். அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வரும். “அது ஒரு டீச்சரோடது. கீழே வை” என்பாள். “டீச்சர்னா இன்னும் நல்லாப் பேசுமே” என்பான்.

இப்போது மத்தியானங்களில், யாரும் இல்லாதபோது, ஒரு செட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அவள் சும்மா நின்றுவிடுவது உண்டு. தானாகப் பேசாத ஒன்றை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? வைத்துவிட்டு வேலைக்குத் திரும்புவாள்.

அடுத்த மேஜைக்காரிக்கு லேபில் ‘ரேடியோ’ என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

“அரை நாள் லீவு கேட்டியாமே. இன்னைக்குத்தானே அது?” என்றாள் ரேடியோ.

“ஆமா.”

“நல்லா எழுதிட்டு வா. தொங்க விடணும் அவனையெல்லாம். சோறு போட்டு வளர்த்துக்கிட்டிருக்காங்க ஏழு வருஷமா.”

பெரியவள் பல் ஒன்றை மெழுகில் அழுத்தினாள்.

“நானா இருந்தா நானே கயிறு கொண்டு போய்க் கொடுப்பேன்” என்றாள் ரேடியோ. பிறகு, எந்த ஸ்டேஷனுக்கோ முள் நகர்ந்த மாதிரி, குரலைத் தாழ்த்தினாள். “ஆனா ஒண்ணு. என் சின்ன மாமா ஒருத்தர், செய்யாத திருட்டுக்கு ரெண்டு வருஷம் உள்ள இருந்துட்டு வந்தார். அப்புறம்தான் ஆள் மாறிப் போச்சுன்னு தெரிஞ்சுது. ஜெயில்னா வெளிய விட்டுட்டாங்க. இதுன்னா என்ன பண்றது?”

“இவன் செஞ்சது நிஜம். அவனே ஒத்துக்கிட்டான்.”

“அதுவும் சரிதான். அப்ப தொங்க விட வேண்டியதுதான்.” ரேடியோ தன் மெழுகு அடுப்பைப் பற்றவைத்தாள். “எனக்கு என்னமோ, உன் இடத்துல இருந்தா கை நடுங்கும்.”

தெருவில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. பால்காரருக்கு இருந்தது. மாடி வீட்டுக் கல்லூரி வாத்தியாருக்கு இருந்தது. அவர், அரசாங்கம் கொலை செய்யலாமா என்று அரை மணி நேரம் பேசினார். பேசிய எதுவும் தப்பு இல்லை. பேசி முடித்ததும் அவர் தன் பையனைக் கூப்பிட்டு, “போய் ஹோம்வொர்க் பண்ணுடா” என்றார். பையன் போனான். பெரியவளுக்கு அவர் பேசியதெல்லாம் மறந்துவிட்டது. அந்தக் கூப்பிடுதலும், அதற்கு ஒருவன் எழுந்து போனதும்தான் ஞாபகத்தில் நின்றது.

அவளுக்கு ஸ்டோர்கீப்பர் சாக வேண்டும் என்று இருந்த நாட்கள் உண்டு. கோர்ட்டில் அவன் தலை குனிந்து நின்றபோது, அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டு, இது முறிய வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை.

ஆனால் கடிதம் வந்த அன்றிலிருந்து வேறொரு நினைப்பு உள்ளே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. தம்பியைக் கடைசியாக உயிரோடு பார்த்த கண்கள் அவனுடையவை. தம்பியின் குரலைக் கடைசியாகக் கேட்ட காது அவனுடையது. அவன் போய்விட்டால் அந்த இருபது நிமிஷமும் சேர்ந்து போய்விடும். தம்பி என்ன சொன்னான்? ‘அவ பேச்சைக் கேட்டு இப்படி ஆயிடுச்சே’ என்று ஒரு நொடியாவது நினைத்தானா? அதைச் சொல்லக்கூடிய ஒரே மனிதன் தூக்குக்குக் காத்திருந்தான்.

அவன் உயிரோடு இருக்கட்டும் என்று அவள் நினைத்ததில் கருணை எவ்வளவு, சுயநலம் எவ்வளவு? பிரித்துப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

*

மூன்று மணி பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினார்கள். அப்பா வழக்கம்போல டிரைவருக்குப் பின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது.

“பிரேக்கை நீங்களும் போட்டா வண்டி எப்படிங்க போகும்?” என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் அந்த டிரைவருக்கு ஊர் போய்ச் சேர்கிற வரை கிளட்ச் பற்றிப் பாடம் நடந்திருக்கும்.

அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இருந்தது. மூவரும் பேசிக்கொள்ளாமல் படியில் ஏறினார்கள். ஏழு வருஷமாக அந்தக் குடும்பம் எங்கே போனாலும் படிதான்.

நடைபாதையில் ஒரு நீள பெஞ்சு. அப்பா தண்ணீர் குடிக்கப் போனார். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பாகிட்ட சொல்லாதே” என்றாள் அம்மா.

“சொல்லும்மா.”

“அவனோட அம்மாவை நான் பாத்திருக்கேன். மாசத்துல முதல் சனிக்கிழமை, காய் வாங்கப் போற பஸ்ல வருவா. மடியில ஒரு பை இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, சோப்பு, பழம். ஜெயில் ஸ்டாப்ல இறங்குவா. அவளுக்கு என்னைத் தெரியாது.”

“இத்தனை வருஷமாவா?”

“நாலு வருஷமா. முதல்ல தற்செயலாப் பாத்தேன். அப்புறம்...” அம்மா ஜிப்பை மூடினாள். “அப்புறம் நானே அந்த பஸ்ஸாப் பாத்து ஏறினேன். அவ இறங்குறப்ப அவ மூஞ்சியைப் பாப்பேன். போய்ப் பாக்கப் போறோம்னு ஒரு மூஞ்சி. கம்பிக்கு அந்தப் பக்கம்னாலும் அவன் இருக்கான். ‘இளைச்சுட்டியேடா’ன்னு சொல்லலாம். சட்டை சரியா இருக்கான்னு கேக்கலாம். நான் யாருக்குச் சட்டை எடுக்கறது?”

பெரியவள் அம்மாவின் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

“அவன் செத்தா உன் புள்ள திரும்பி வருவானான்னு எல்லாரும் கேக்கறாங்க. வரமாட்டான்னு எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்கு அதைச் சொல்லிக் குடுக்கணுமா? என் புள்ள வர வேணாம். அவளும் முதல் சனிக்கிழமை எங்கேயும் போகாம வீட்டுல உக்காரணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.” அம்மாவின் குரல் உடையவில்லை. அதுதான் பெரியவளைப் பயமுறுத்தியது. “தப்புன்னு தெரியுது. ஆனா வேணும்.”

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

*

அலுவலர் ஐம்பது வயதுப் பெண்மணி. நல்ல ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே மூவரையும் உட்காரச் சொன்னார். சுவரோரமாக இடைவெளி விட்டு மூன்று சின்ன மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தாள், ஒரு பேனா. பரீட்சை ஹால் போல இருந்தது.

“ஆளுக்கு ஒரு தாள். ஒருத்தர் எழுதறதை இன்னொருத்தர் பார்க்க வேணாம். நீங்க எழுதறதை வச்சு மட்டும் குழு முடிவு எடுக்காது. ஆனா கட்டாயம் படிப்பாங்க. எழுத விருப்பம் இல்லைன்னாலும் தப்பில்லை.”

அப்பா பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். திறந்த பேனாவோடு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வரி, அவ்வளவுதான் என்று காலையில் சொன்ன மனிதர்.

“ஒரு சந்தேகம்மா” என்றார்.

“கேளுங்க.”

“அதை யார் செய்வாங்க?”

“எதைங்க?”

“அந்தக் கடைசி வேலை. கயிறு மாட்டி, அந்தப் பிடியை இழுக்கறது. அதுக்குன்னு ஒரு ஆள் இருப்பார் இல்ல?”

அலுவலர் கைக்குட்டையை இறக்கினார். “இருப்பாங்க. அது எங்க துறை இல்ல சார்.”

“அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவாரா?”

அம்மா தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள்.

“நான் பஸ் ஓட்டினவன்” என்றார் அப்பா. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. தாளைப் பார்த்துச் சொன்னார். “ஒரு தடவை ஒருத்தன் குடிச்சுட்டுத் தடுமாறி பின் சக்கரத்துல விழுந்துட்டான். என் மேல தப்பு இல்லைன்னு விசாரணையில சொல்லிட்டாங்க. மறுநாளே வேலைக்கு வரலாம்னாங்க. சக்கரம் ஏறினது எனக்குத் தெரிஞ்சுது. சின்ன மேடு. ஸ்பீட் பிரேக்கர் மாதிரி, அவ்வளவுதான். அதுக்கப்புறம் ரிட்டயர் ஆகிற வரைக்கும், எந்த ஸ்பீட் பிரேக்கர்ல ஏறினாலும் எனக்கு அவன்தான்.”

பெரியவளுக்கு அப்போது எட்டு வயது. அப்பாவுக்கு முதுகு வலி, நான்கு மாசம் வேலைக்குப் போகவில்லை என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அப்பாவின் முதுகை அவள் பிஞ்சுக் கையால் தடவிக் கொடுத்திருக்கிறாள்.

“எனக்கு அவன் சாகணும்” என்றார் அப்பா. “சத்தியமா சாகணும். ஆனா எவனோ ஒருத்தன், எங்களுக்கு ஒரு கெடுதலும் பண்ணாதவன், எனக்காக அந்த மேட்டுல ஏறி இறங்கணும் இல்ல? அவனுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?”

“நீங்க பதில் சொல்ல வேண்டியதில்லை சார்.” அலுவலரின் குரல் இப்போது அலுவலகக் குரலாக இல்லை. “மனசுல இருக்கறதை எழுதுங்க.”

அப்பா தாளின் அடியில் கையெழுத்து மட்டும் போட்டார். மேலே முழுதும் வெள்ளையாக இருந்தது. எழுந்து போய்க் கொடுத்தார்.

“ஒண்ணும் எழுதலையே?”

“எனக்கு ரெண்டும் எழுதணும்மா. ரெண்டும் எழுதினா கிறுக்கன்னு நினைப்பாங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அம்மா ஒரே வரியில் முடித்தாள். அந்த வரியைப் பார்க்காமலே பெரியவளுக்குத் தெரிந்தது. தாளைக் கொடுத்துவிட்டு அம்மா ஒரு கணம் நின்றாள். திருப்பி வாங்கிவிடுபவள் போலக் கை லேசாக எழுந்தது. பிறகு பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு அவளும் போனாள்.

பெரியவள் கடைசி.

“நான் ஒண்ணு கேக்கலாமா?” என்றாள். “அவனை நேர்ல பார்த்து ஒரே ஒரு கேள்வி கேக்கறதுக்கு வழி இருக்கா?”

அலுவலர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, ஏதோ நினைவு வந்தவராக, நாடா கட்டிய பெரிய ஃபைலை இழுத்துப் பிரித்தார். பின்பக்கத்திலிருந்து புரட்டி, ஒரு பழுப்பு உறையை உருவினார்.

“நீங்க இறந்தவருக்குக் கூடப் பிறந்தவங்கதானே?”

“ஆமா.”

“இது உங்களுக்கு அந்தக் கைதி எழுதினது. மூணு வருஷம் ஆச்சு. மனு போடறதுக்கு ரொம்ப முன்னாடி. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் கைதி எழுதற கடிதத்தை நாங்களா அனுப்பக் கூடாது. அவங்களா வந்து கேட்டா கொடுக்கலாம். யாரும் கேட்கலை. நீங்கதான் இப்போ கேட்டிருக்கீங்க.”

மூன்று வருஷம். இந்த ஃபைலில், இந்த அலமாரியில். அவள் தினமும் பிளாஸ்டர் கரைத்துக்கொண்டிருந்த மூன்று வருஷமும் அந்த இருபது நிமிஷம் இங்கே நாடாவுக்குள் கட்டிக் கிடந்திருக்கிறது.

கை உறையை நோக்கிப் போனது. அவள் அதைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

“முதல்ல எழுதிடறேன்” என்றாள். “அதைப் படிச்சுட்டு எழுதினா, அதுல என்ன இருக்கோ அதுக்கு நான் கொடுக்கற கூலி மாதிரி ஆயிடும்.”

அலுவலர் தலையசைத்தார்.

அவள் எழுதினாள்: ‘இவர் சாக வேண்டும் என்று ஏழு வருஷத்தில் பல நாள் நினைத்திருக்கிறேன். வேண்டாம் என்றும் பல நாள் நினைத்திருக்கிறேன். நாளைக்குக் கேட்டால் என்ன சொல்வேனோ தெரியாது. இன்று கேட்டிருக்கிறீர்கள். இன்று, வேண்டாம். இவரை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை.’

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு உறையை வாங்கிக்கொண்டாள்.

*

பஸ் ஸ்டாப்பில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அப்பா சாலையைப் பார்த்தபடி நின்றார். அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், கேட்காமலே அம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“சாகணும்னுதான் எழுதினேன். எழுதி முடிச்சதும் அவ பை ஞாபகம் வந்துது. அந்தச் சட்டையை எவ்வளவு பதமா இஸ்திரி போட்டு வச்சிருப்பான்னு.” கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, “அந்த வரியை அடிச்சுடலாமான்னு பாத்தேன். அடிக்கலை” என்றாள்.

பெரியவள் மடியில் இருந்த உறையை எடுத்தாள். உறையின் ஓரத்தைக் கிழித்தாள். உள்ளே கோடு போட்ட தாள் இரண்டு. பென்சில் எழுத்து. பெரிய பெரிய எழுத்து.

‘அக்கா,

உங்க பேரு எனக்குத் தெரியாது. உங்க தம்பி எப்பவும் அக்கா அக்கான்னுதான் சொல்வான். அதனால நானும் அப்படியே எழுதறேன். கோவிச்சுக்காதீங்க.’

ஏழு வருஷமாக அவளை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. கூப்பிட ஒருத்தன்தான் இருந்தான். அந்த மூன்று எழுத்தும் கண்ணுக்கு முன்னால் கலங்கின. எழுதியவன் யார் என்பது ஒரு கணம் மறந்துபோய், கூப்பிட்ட குரல் மட்டும் கேட்டது. உடனே எழுதியவன் யார் என்பதும் ஞாபகம் வந்தது. தாளைக் கசக்கி எறியத் தோன்றியது. எறிய முடியவில்லை.

‘மன்னிப்புக் கேக்க எழுதலை. கேக்க எனக்கு வாய் இல்ல. அன்னைக்கு நடந்ததை உங்களுக்கு மட்டும் சொல்லணும். என்னைப் பத்தி மேனேஜர்கிட்ட சொல்லச் சொன்னது யாருடான்னு கேட்டேன். எங்க அக்காதான்னு சொன்னான்.’

“என்ன அது?” என்று அப்பா திரும்பினார்.

“அவன் எழுதினது. எனக்கு.” அவள் உறையைக் காட்டினாள். “மூணு வருஷத்துக்கு முன்னாடி.”

அப்பாவின் முகம் இறுகியது. கை நீண்டது, பிடுங்கிவிடுபவர் போல. அம்மா குறுக்கே கையை வைத்தாள்.

“சத்தமாப் படி” என்றாள் அம்மா. “முதல்லேருந்து. ஒண்ணும் விடாதே.”

விட்டுவிடலாம். அந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடலாம். பென்சில் எழுத்து, சரியாகத் தெரியவில்லை என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? கண்ணாடி இல்லாமல் அப்பாவால் ஒரு எழுத்துப் படிக்க முடியாது.

அவள் முதலிலிருந்து படித்தாள். அந்த வரி வந்தது. குரல் இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. “...எங்க அக்காதான்னு சொன்னான்.”

படித்துவிட்டுத் தாளை மடியில் வைத்தாள்.

“நான்தான் சொன்னேன்ப்பா. மாடியில. சொல்லாம என் மூஞ்சில முழிக்காதேன்னு சொன்னேன். அவனுக்கு இஷ்டமே இல்ல. நான்தான் அனுப்பினேன்.”

அப்பா சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எனக்குத் தெரியும்” என்றாள் அம்மா.

பெரியவள் திரும்பினாள்.

“துணி காயப்போட்டுட்டு இறங்கி வந்தவன் நேரா என்கிட்டதான் வந்தான். ‘உன் பொண்ணு என்னைத் திட்டிட்டா, ஆனா அவ சொல்றதுதான் சரி’ன்னான்.”

“ஏழு வருஷமா ஏம்மா சொல்லலை?”

“நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.” அம்மா அவள் முதுகில் கை வைத்தாள். “நான் கேட்டா பழி போடற மாதிரி ஆயிடுமேன்னு பயம்.”

அவர்கள் போக வேண்டிய பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. அப்பா படிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஏறவில்லை. அவர் தோள்கள் ஒரு முறை உயர்ந்து இறங்கின. டிரைவர் ஹார்ன் அடித்து, என்ன என்பது போலக் கையை விரித்தார். அப்பா அவரைப் பார்த்து, போகலாம் என்று கையசைத்தார். பஸ் கிளம்பிப் போனது.

அப்பா வந்து பெஞ்சின் மறு ஓரத்தில், மகள் நடுவில் இருக்கும்படி, உட்கார்ந்தார். கசங்கிய சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அடுத்த பஸ்ல போவோம்” என்றார். “மேல படிம்மா.”